வெப்பமானியை வைத்தது யார்? ஆய்வுக்கட்டுரையும் செயற்கை நுண்ணறிவும்: ஓர் எளிய விளக்கம்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அனுராதபுர வீதியால் போய் உள்ளே நுழைந்தால், சுவர் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். வாளியால் அள்ளி ஊற்றுகிற எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வாதாடுவார்கள்: எந்தக் கிணறு கூடச் சூடு? ஒருவர் மூன்றாவது என்பார், இன்னொருவர் கடைசி என்பார். என் அக்காவின் மகள் கம்பஸில் இறுதி வருட ஆய்வுக்கு இதையே எடுத்தாள். ஏழு கிணற்றிலும் நாளுக்கு மூன்று தடவை வெப்பமானி வைத்து அளந்து, நேரத்தோடு சூடு மாறுகிறதா என்று பார்ப்பது.

அளந்தாள். அட்டவணை போட்டாள். அதில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அட்டவணையைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, ஒழுங்காக்கித் தரும்படி கேட்டாள். கோடெல்லாம் நேராக, தலைப்பெல்லாம் தடித்த எழுத்தில், அழகாக வந்தது. வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்திலும் ஓர் எண் இருந்தது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொண்டால், இன்று ஆய்வுலகத்தில் நடக்கிற குழப்பத்தில் பாதி விளங்கிவிடும். ஏனென்றால் இந்த விஷயத்தை எல்லோரும் மேலோட்டமாகத்தான் பேசுகிறோம். "இனி ஆய்வெண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் ஏஐ எழுதித் தரும்" என்கிறார் ஒருவர். "ஏஐ தொட்டாலே களவு" என்கிறார் இன்னொருவர். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேச்சும் பிள்ளைகளைத் தவறான வழியில் விடுகின்றன.

ஆய்வுக்கட்டுரை என்பது ஒரு சாட்சியம்

கச்சேரி வாசலிலும் கோட்டடியிலும் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். காணிப் பிரச்சினையோடு போகிற ஒருவருக்கு நல்ல மொழியில் எழுதத் தெரியாது. அவர் வாயால் சொல்வார். எழுதுகிறவர் முறைப்படி, "மேன்மை தங்கிய" என்று தொடங்கி, அழகாக எழுதுவார். கடைசியில் கையெழுத்து யாருடையது? காணிக்காரருடையது. எல்லைக் கல்லைக் கண்டவர் அவர்தான். விசாரணைக்குக் கூப்பிட்டால் போய் நிற்பவரும் அவர்தான். பெட்டிசம் எழுதியவர் அந்தக் காணியை மிதித்தது கூட இல்லை.

ஆய்வுக்கட்டுரையும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்ட சொல்தான். "நான் இதைச் செய்தேன், இப்படிச் செய்தேன், இதைக் கண்டேன், ஆகவே இப்படி நினைக்கிறேன்" என்று ஒருவர் உலகத்துக்குச் சொல்வது. 1665இல் லண்டன் றோயல் சொசைற்றியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் அறிவியலுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. சஞ்சிகை என்று இங்கே சொல்வது இப்படியான கட்டுரைகளை வெளியிடுகிற இதழை.

வெளியிடுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேரிடம் சஞ்சிகை அந்தக் கட்டுரையை அனுப்பி, வாசித்துக் கருத்துச் சொல்லக் கேட்கும். இதுதான் சக மதிப்பீடு. இங்கே ஒரு பெரிய தப்பபிப்பிராயம் உண்டு. மதிப்பீட்டாளர்கள் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர்கள் கறியைச் சுவைத்துப் பார்த்து உப்புக் காணாது என்று சொல்பவர்கள். மீன் எந்த வள்ளத்தில், எந்த நாள் வந்தது என்பதைச் சமைத்தவர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் சம்பளமில்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே, நம்பிக்கையின் பேரில் வாசிக்கிறார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு அனுபவம். நியமிப்பு என்பது ஒரு கரைசலின் செறிவைக் கண்டறிகிற செய்முறை; அதில் பிள்ளைகள் அளவி என்ற அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயில் மூன்று வாசிப்பு எடுக்க வேண்டும். சிலர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் எழுதிவிடுவார்கள். நான் உடனே கண்டுபிடிப்பேன், ஏனென்றால் மூன்றும் இரண்டாம் தசமதானம் வரை ஒன்றாக இருக்கும். கையால் எடுத்த வாசிப்பு அப்படி வராது. கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். மிகச் சுத்தமாக இருக்கிற தரவைக் கண்டால் எனக்கு இன்றும் மனம் உறுத்தும்.

இதுவரை சொன்னது: எழுத்து வேறு, எழுத்துக்குப் பின்னால் நிற்கிற ஆள் வேறு. சக மதிப்பீடு எழுத்தை மட்டும்தான் பார்க்கிறது, ஆளை நம்புகிறது.

இயந்திரம் எப்படி எழுதுகிறது?

சாட்ஜிபிடி, ஜெமினி, குளோட் போன்றவற்றின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து என்ன சொல் வரும் என்று கணிக்கப் பழகிய ஒரு கணினி நிரல் என்பது அதன் பொருள்.

மரண அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். வானொலியில் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும்" என்று காதில் விழுந்ததும் மனம் தானாக "உப்புவெளியை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடரும். பிறகு "காலஞ்சென்ற", பிறகு "தம்பதிகளின் அன்பு மகனும்", பிறகு "அன்னாரின் ஈமைக்கிரியைகள்", கடைசியில் "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்". நூற்றுக்கணக்கான அறிவித்தல்களைக் கேட்ட ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம், "ஒன்று சொல்லு பார்ப்போம்" என்றால் தடங்கலில்லாமல் சொல்லும். ஊர் சரியாக இருக்கும், உறவுமுறை சரியாக இருக்கும், மயானத்தின் பெயர் கூடச் சரியாக இருக்கும். ஆனால் யாரும் சாகவில்லை. அப்படி ஒரு மனிதரே இருந்ததில்லை.

பிள்ளை பொய் சொல்லவில்லை. கேட்ட வடிவத்தைத் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான். மொழி மாதிரி செய்வதும் அதுதான், ஆனால் நினைத்துப் பார்க்க முடியாத அளவில். பழக்கும்போது அதற்கு வாக்கியங்களைக் காட்டி அடுத்த சொல்லை ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் பிழைத்தால் உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான எண்களைச் சற்றே திருகி, மறுபடி ஊகிக்க விடுகிறார்கள். இதற்குத்தான் பயிற்சி என்று பெயர். இப்படியே திருகத் திருக, எந்தச் சொல் எந்தச் சூழலில் எதன் பக்கத்தில் வரும் என்பது அந்த எண்களில் படிந்துவிடுகிறது. இன்றைய மொழி மாதிரிகளின் அடிப்படை அமைப்பை கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் அது நம் கைக்கு எட்டியது.

கவனியுங்கள், இந்தப் பயிற்சியில் "இது உண்மையா?" என்ற கேள்வி அடிப்படையில் இல்லை. "இது இப்படித்தான் தொடருமா?" என்ற கேள்வியே இருக்கிறது. நிறையத் தடவை இரண்டுக்கும் ஒரே விடை வரும். இலங்கையின் மிக நீளமான ஆறு எது என்று கேட்டால் மகாவலி என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளில் அப்படித்தான் தொடர்கிறது. யாரும் எழுதி வைக்காத விஷயத்தைக் கேட்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. கன்னியாவில் ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் ஒரு குறிப்பிட்ட கிணற்றின் வெப்பநிலை எந்த எழுத்திலும் இல்லை. ஆனால் மேலும் கீழும் உள்ள எண்களைப் பார்த்தால் நடுவில் எந்த மாதிரி எண் வரும் என்பது தெரிகிறது. அதை வைத்தது. அக்காவின் மகளின் அட்டவணையில் நடந்தது இதுதான்.

அறிவியல் எழுத்தை மட்டும் ஊட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். மெட்டா நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. ஆய்வுக்கட்டுரை, பாடநூல், விரிவுரைக் குறிப்பு என்று 48 மில்லியன் உருப்படிகளில் பழக்கிய கலக்டிகா என்ற மொழி மாதிரியை 2022 நவம்பரில் பொதுமக்கள் பாவனைக்கு விட்டது. இல்லாத விஷயங்களை அறிவியல் நடையில் எழுதித் தள்ளியது; மூன்றே நாளில் மீளப் பெற்றுக்கொண்டார்கள். நடையும் உண்மையும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது வருகிற கருவிகள் பல, பதில் சொல்வதற்கு முன் இணையத்தில் தேடிப் பார்க்கின்றன. அது நல்ல முன்னேற்றம், கற்பனை குறைகிறது. ஆனாலும் தேடி எடுத்த கட்டுரையைப் பிழையாகச் சுருக்கிச் சொல்வது இன்னும் நடக்கிறது. ஆகவே மூலத்தைத் திறந்து வாசிக்கிற வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

இல்லாத உசாத்துணை

கட்டுரையின் முடிவில் உசாத்துணைப் பட்டியல் வரும். எந்தெந்தக் கட்டுரைகளைப் பார்த்தோம் என்ற விபரம். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம். இதற்கும் மரண அறிவித்தலைப் போல மாறாத ஒரு வடிவம் உண்டு. ஆகவே மொழி மாதிரிக்கு இது மிக இலகுவாக வரும், மிக இலகுவாகப் பிழைக்கும். இல்லாததை இருப்பதுபோலச் சொல்வதற்கு மாயத்தோற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடிக்காது. எப்போதாவது காய்ச்சலில் வருகிற கோளாறு போலத் தோன்றும். உண்மையில், சரியான பதிலைத் தருகிற அதே வேலைதான் இதையும் தருகிறது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் வரைவைக் கொண்டு வந்தாள். உசாத்துணையை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

"மாமா, இதில பேரெல்லாம் சரியாத்தானே கிடக்கு? வெந்நீரூற்றைப் பற்றின கட்டுரைதான்."

"திறந்து பார்த்தனீயே?"

"இல்லை... நம்பர் இருக்குதானே."

நம்பர் என்று அவள் சொன்னது டிஓஐ. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிரந்தரமாகக் கொடுக்கிற அடையாள இலக்கம் அது. நம் தேசிய அடையாள அட்டை இலக்கம் போல. பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த விதி தெரிந்த யாரும் பார்வைக்குச் சரியான ஓர் இலக்கத்தை எழுதிவிடலாம். அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

அந்த டிஓஐயைத் தேடுபொறியில் போட்டோம். ஒரு கட்டுரை திறந்தது. ஆனால் அது கறவை மாடுகளின் தீவனத்தைப் பற்றியது. வெந்நீரூற்று என்ற சொல்லே அதில் இல்லை. சஞ்சிகையின் பெயர் உண்மை, அந்தத் தொகுதியும் உண்மை, அவள் கொடுத்திருந்த பக்கத்தில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருந்தார்கள். பட்டியலில் இருபத்திரண்டு உசாத்துணை. இப்படி நான்கு அகப்பட்டன. அவள் முகம் சிறுத்துப் போனது. எனக்கும் கவலையாக இருந்தது, ஏனென்றால் அவள் ஏமாற்ற நினைக்கவில்லை. வடிவம் சரியாக இருந்தால் பொருளும் இருக்கும் என்று நம்பினாள். நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

ஏஐ ஆசிரியராக முடியுமா?

2023 ஜனவரியில் சில கட்டுரைகளில் சாட்ஜிபிடியின் பெயரையே ஆசிரியர் வரிசையில் போட்டிருந்தார்கள். அதே மாதம் 'நேச்சர்' சஞ்சிகை, மொழி மாதிரிகளை ஆசிரியராக ஏற்க மாட்டோம், பாவித்தால் அதைக் கட்டுரையில் எழுத வேண்டும் என்று அறிவித்தது. 'சயன்ஸ்' சஞ்சிகை இன்னும் கடுமையாக, இயந்திரம் எழுதிய வாசகமே வேண்டாம் என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் சற்றுத் தளர்த்தி, வெளிப்படையாகச் சொன்னால் அனுமதி என்று மாற்றியது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவும் 2023 மே மாதம் தன் வழிகாட்டலில் இதையே சேர்த்தது.

காரணம் பெட்டிசக்காரர் கதைதான். ஆசிரியர் என்றால் எழுதியவர் என்பதோடு முடியவில்லை; கேள்வி வந்தால் பதில் சொல்ல நிற்பவர். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் கட்டுரையை மீளப்பெற வேண்டியவர். மீளப்பெறல் என்பது, வெளியான கட்டுரையை இனி நம்ப வேண்டாம் என்று சஞ்சிகை பகிரங்கமாக அறிவிப்பது. இயந்திரத்தை விசாரணைக்குக் கூப்பிட முடியாது.

ஆகவே சுருக்கம் இது: மொழிக்கு உதவி எடுக்கலாம், எடுத்ததைச் சொல்ல வேண்டும், பொறுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டவருக்கு. ஒவ்வொரு சஞ்சிகையின் விதியும் கொஞ்சம் வேறுபடும். அனுப்புவதற்கு முன் அந்தந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் வழிகாட்டலை வாசியுங்கள்.

ஆங்கிலம் என்ற மதில்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால் "ஏஐ தொட்டாலே களவு" என்பவர்கள் இதைக் காண்பதில்லை.

மூதூரிலோ கிண்ணியாவிலோ தமிழில் படித்து வந்த ஒரு பிள்ளைக்கு, விஷயம் தெளிவாகத் தெரியும். புறாத்தீவுப் பவளப்பாறையைப் பற்றியும் கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டுவந்து சேர்க்கிற மண்ணைப் பற்றியும் லண்டனில் இருக்கிறவரைவிட அந்தப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனால் உலகச் சஞ்சிகைகள் ஆங்கிலத்தில். மொழி சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். திருத்தித் தருகிற நிறுவனங்கள் டொலரில் கட்டணம் கேட்கும். வசதியான நாட்டு ஆய்வாளருக்குப் பக்கத்து மேசையில் ஆங்கிலம் பேசுகிற நண்பர் இருப்பார்; நம் பிள்ளைக்கு யார் இருந்தார்கள்? தன் கையால் அளந்ததைத் தன் சொல்லில் எழுதிவிட்டு, அதன் இலக்கணத்தைத் திருத்த ஒரு கருவியைப் பாவிப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அதே பிள்ளைக்கு இப்போது இன்னொரு ஆபத்து. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள். சொற்கள் எவ்வளவு எதிர்பார்த்தபடி வருகின்றன என்பதைத்தான் இவற்றில் பெரும்பாலானவை அளக்கின்றன. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் எழுதுபவர்கள் தெரிந்த சொற்களை, பாடசாலையில் படித்த வாக்கிய அமைப்பில்தான் எழுதுவார்கள். அது எதிர்பார்த்தபடிதான் வரும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் இப்படியான ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய 91 டோஃபல் பரீட்சைக் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 வீதமானவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே ஒரு கண்டுபிடிப்பான் விட்டது. அவர்களின் சோதனையில் அது இயந்திர எழுத்தில் 26 வீதத்தையே சரியாகப் பிடித்தது. நம்பகத்தன்மை போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஒரு கருவி காட்டுகிற வீதத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். தரவுக் கொப்பியைக் கேளுங்கள். எப்படி அளந்தாய் என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தனி ஒரு கட்டுரையில் சொல்ல முடியாவிட்டாலும், மொத்தமாகப் பார்த்தால் தடம் தெரிகிறது. கொரோனா காலத்தில், வழக்கமாக ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்கிட்டு, அதற்கு மேலானதை மேலதிக மரணம் என்றார்கள் அல்லவா? அதே உத்தியைச் சொற்களுக்குப் பாவித்தார்கள். 15 மில்லியனுக்கு மேற்பட்ட உயிர்மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களில், 'டெல்வ்' போன்ற சில ஆங்கிலச் சொற்கள் சாட்ஜிபிடிக்குப் பிறகு திடீரென்று பெருகியிருந்தன. 2024இல் வந்த சுருக்கங்களில் குறைந்தது 13.5 வீதம் மொழி மாதிரியின் கைபட்டவை என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. கைபட்டவை என்றால் பொய்யானவை என்று பொருளில்லை. இலக்கணம் திருத்தியதும் இதில் அடங்கும்.

எங்கே வழுக்குகிறது?

2024 மார்ச்சில் லித்தியம் மின்கலத்தைப் பற்றிய ஒரு கட்டுரை உலகம் முழுவதும் பேசப்பட்டது. பேசப்பட்டது மின்கலம் இல்லை. அதன் முன்னுரையின் முதல் வரி, "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்குப் பொருத்தமான ஒரு முன்னுரை இதோ" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. இயந்திரத்தின் பதிலை அப்படியே ஒட்டியிருந்தார்கள். ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், சஞ்சிகை அலுவலகம் என்று எத்தனை கண்ணைத் தாண்டி அந்த வரி வந்திருக்கிறது! பின்னர் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது.

அதற்கு முந்திய மாதம் இன்னொன்று. ஓர் எலியின் உடலமைப்பை விளக்கும் படம், மிட்ஜேர்னி என்ற ஏஐ கருவியில் வரைந்தது. உறுப்புகள் நம்ப முடியாத பருமனில், அம்புக்குறியில் எழுதியிருந்த பெயர்கள் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக் கோவைகள். ஆசிரியர்கள் கருவியைப் பாவித்ததைக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் படங்களைப் பற்றிக் கேள்வியும் எழுப்பியிருந்தார்; பதில் வராமலே வெளியாகிவிட்டது. மூன்று நாளில் மீளப்பெற்றார்கள். வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இவை கவனக்குறைவு. இதைவிடப் பாரதூரமானது ஆய்வுக்கட்டுரை ஆலை: பணத்துக்குக் கட்டுரை தயாரித்து, ஆசிரியர் இடத்தை விற்கிற வியாபாரம். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிற இடங்களில் இது செழிக்கிறது. சாட்ஜிபிடிக்கு முன்பே இருந்தது. பிறர் எழுத்தைக் களவெடுத்து, பிடிபடாமலிருக்கச் சொற்களை இயந்திரத்தால் மாற்றுவார்கள். 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சு அபாயம்' என்ற மாதிரியும், 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலிப் பிரக்ஞை' என்ற மாதிரியும் ஆங்கிலத்தில் மாறி வந்ததை வைத்துத்தான் பலவற்றைப் பிடித்தார்கள். 2023இல் மட்டும் உலகில் 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அவற்றில் 8,000க்கு மேல் வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி சஞ்சிகைகளில் வந்தவை. இப்போது ஆலைக்காரருக்கு வழுவழுப்பான மொழி இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பழைய தடயங்களும் மறைந்துவிடும்.

பிழை எப்படி உலகம் சுற்றுகிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 'பதிய இலத்திரன் நுணுக்குக்காட்டி' என்று தமிழில் சொல்லக்கூடிய ஓர் ஆங்கிலத் தொடர் இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் இருக்கிறது. 'பதிய' என்பது உயிரின வளர்ச்சி சார்ந்த சொல். அப்படி ஒரு கருவி உலகத்தில் இல்லை. 1950களில் இரண்டு நிரலாக அச்சான கட்டுரையைக் கணினிக்கு ஏற்றியபோது, இடது நிரலில் இருந்த 'பதிய' என்ற சொல்லும் வலது நிரலில் இருந்த 'இலத்திரன் நுணுக்குக்காட்டி'யும் ஒரே வரியாகச் சேர்ந்துவிட்டன. பத்திரிகையைக் குறுக்கே வாசித்தது போல. அதோடு பாரசீக எழுத்தில் 'பதிய' என்பதற்கும் உண்மையான கருவிப் பெயரில் வரும் 'வருடும்' என்ற சொல்லுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசமாம். புள்ளி போனால் பொருள் போகும் என்பது நமக்குப் புதிதில்லை. அந்தத் தொடர் இன்று மொழி மாதிரிகளின் பயிற்சிக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மதிப்பீட்டுப் பக்கமும் வழுக்குகிறது. மதிப்பீட்டாளர்கள் சிலர் கட்டுரையை மொழி மாதிரியிடம் கொடுத்துக் கருத்து எழுத வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், எழுதுபவர்கள் சிலர் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், "நல்லதாக மட்டும் மதிப்பிடு" என்று மறைத்து எழுதத் தொடங்கினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் வாசித்துவிடும். 2025 ஜூலையில் நிக்கேய் பத்திரிகை எட்டு நாடுகளின் 14 நிறுவனங்களைச் சேர்ந்த 17 கட்டுரை வரைவுகளில் இதைக் கண்டுபிடித்தது. மதிப்பீட்டுக்கு வந்த, இன்னும் வெளியாகாத கட்டுரையை அந்நியக் கருவியில் ஏற்றுவதே நம்பிக்கைத் துரோகம் என்பது என் எண்ணம்.

எல்லா ஏஐயும் ஒன்றல்ல

2024இல் இரசாயனவியல் நோபல் பரிசின் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும் கிடைத்தது. புரதங்கள் எப்படி மடிந்து வடிவம் எடுக்கும் என்று கணிக்கும் அல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐக்காக. "பார், ஏஐக்கே நோபல்" என்று சிலர் சாட்ஜிபிடியையும் இதையும் ஒரே கூடையில் போடுகிறார்கள். அல்ஃபாஃபோல்டும் ஊகிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பழகியது ஆய்வுகூடங்களில் பல்லாண்டு பாடுபட்டு அளந்த புரத வடிவங்களில். அதன் ஊகத்தை, அது முன்பு காணாத வடிவங்களை அளந்து, ஒத்துப் பார்த்தார்கள். ஊகம், பிறகு வெப்பமானி. அந்த இரண்டாவது படி இருந்ததால்தான் அது அறிவியலானது.

எண்ணத்திலிருந்து எழுத்து வரை எல்லாவற்றையும் இயந்திரத்திடமே விடுகிற முயற்சியும் நடக்கிறது. டோக்கியோவில் உள்ள சகானா ஏஐ என்ற நிறுவனம், 2025இல் ஒரு சர்வதேச மாநாட்டின் பட்டறைக்கு, ஏற்பாட்டாளர்களின் சம்மதத்தோடு, முழுவதும் இயந்திரம் தயாரித்த மூன்று கட்டுரைகளை அனுப்பியது. ஒன்று மதிப்பீட்டைத் தாண்டும் அளவுக்குப் புள்ளி பெற்றது; முன்பே பேசிக்கொண்டபடி அதை வெளியிடாமல் மீளப்பெற்றார்கள். அவை கணினிக்குள்ளேயே ஓடி முடிகிற பரிசோதனைகள். கன்னியாவுக்கு யாராவது போகத்தான் வேண்டும்.

அந்த வெறுமையான கட்டம்

அன்று இரவு அவளோடு இருந்து வேலையைத் திரும்ப ஒழுங்குபடுத்தினோம். இல்லாத நான்கு உசாத்துணையையும் வெட்டினோம். மற்றப் பதினெட்டையும் அவள் திறந்து, குறைந்தது சுருக்கத்தையும் முடிவுரையையும் வாசித்தாள். அதில் இரண்டு, அவள் எழுதியதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தன. அந்தப் பந்திகளை மாற்றினாள். எண்கள் எல்லாவற்றையும் கொப்பியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தாள், கருவியிடம் கொடுக்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ஆங்கில இலக்கணத் திருத்தத்துக்கு மட்டும் சாட்ஜிபிடி பாவிக்கப்பட்டது, தரவும் முடிவுகளும் என்னுடையவை.

கொப்பியின் அந்தப் பக்கம் தண்ணீர் பட்டுச் சுருங்கியிருந்தது. நான்காம் கிணறு, காலை என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறு கோடு.

"இது ஏன் விட்டனீ?"

"அண்டைக்கு முப்பத்தொண்டு செய்ய ஒரு குடும்பம் வந்திருந்தது மாமா. அந்த அம்மா அந்தக் கிணத்தடியிலதான் நிண்டு அழுதுகொண்டிருந்தா. நான் எப்பிடிப் போய் வெப்பமானியை வைக்கிறது? மற்ற ஆறையும் அளந்துபோட்டு வந்திட்டன்."

அட்டவணையில் அந்தக் கட்டம் கோட்டோடுதான் அச்சானது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: கிரியைக்காக வந்தவர்கள் நீராடியதால் அன்று காலை இந்தக் கிணற்றில் அளவீடு எடுக்கப்படவில்லை.